லேத்தின் துளையைப் பாருங்கள்

லேத் வாங்கப் போகிறேன் என்றால் நம்மூர்ப் பட்டறைகளில் முதலில் கேட்பது, "எத்தனை அடி?" என்றுதான். நாலரை அடி, ஆறடி என்று பெட் நீளத்தை வைத்தே பேரம் நடக்கும். துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கு அந்தக் கணக்கு போதாது. அங்கே முதல் கேள்வி, ஸ்பிண்டிலின் துளை எத்தனை மில்லிமீட்டர் என்பது.

ஐரோப்பாவில் இது பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித்தரும் தொழில். ஆஸ்திரியாவின் ஃபெர்லாக்கில் 1878 முதல் இதற்கென்றே பள்ளி இருக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ், ஜெர்மனியின் சூல் நகரங்களும் இதற்குப் பேர்போனவை. படித்து முடித்துத் தனியாகப் பட்டறை போடுகிறவர் பெரும்பாலும் பழைய லேத்தைத்தான் தேடுவார். அங்கேதான் சறுக்கல்.

வேட்டைத் துப்பாக்கியின் குழல் அடிப்பகுதியில் ஏறக்குறைய 30 மி.மீ. தடிமன் இருக்கும். அது ஸ்பிண்டிலுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். பிரிட்டனின் பழைய மைஃபோர்டு சூப்பர் 7 அருமையான யந்திரம்தான். ஆனால் அதன் துளை சுமார் 15 மி.மீ. சுவிட்சர்லாந்தின் ஷோப்ளின் 102 துல்லியத்துக்குப் பெயர் வாங்கியது. அதிலும் இந்தக் குழல் நுழையாது. 35 மி.மீ.க்குக் குறைந்த துளையுள்ள லேத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடலாம்.

சரி, பெரிய ஃபேக்டரி லேத்தாக வாங்கிவிட்டால்? அதன் ஹெட்ஸ்டாக் நீளமாக இருக்கும். குழலின் உள்துளையும் வெளிப்புறமும் ஒரே மையத்தில் இருப்பதில்லை. ஒரு முனையை ஃபோர் ஜா சக்கிலும், மறு முனையை ஸ்பிண்டிலின் பின்புறம் நாலு போல்ட்டுகளாலும் பிடித்து, டயல் கேஜின் முள் அசையாமல் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். 60 செ.மீ. குழல் ஹெட்ஸ்டாக்குக்குள்ளேயே மறைந்துபோனால், பின்முனையை எப்படிப் பிடிப்பது? அகலத் துளை, குட்டை ஹெட்ஸ்டாக், இரண்டும் சேர்ந்து வேண்டும். டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்தது தேய்மானம். புதுப் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சேடிலைச் சக்கருகே கொண்டுவந்து, லாக்கை லேசாக இறுக்கி, கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப்போக இறுகிப் பிடித்தால், சக்கருகே பெட் தேய்ந்திருக்கிறது. வேலை நடப்பதும் அந்த இடத்தில்தான்.

பிறகு மரை. ஐரோப்பா என்றால் எல்லாம் மெட்ரிக் என்று நினைப்போம். ஜெர்மனியில் பிறந்த மௌசர் 98-இன் குழல் மரையோ அங்குலத்துக்கு 12, கோணம் 55 டிகிரி. அமெரிக்கத் துப்பாக்கிகளும் அங்குலக் கணக்கில்தான் வரும். மெட்ரிக் லீட் ஸ்க்ரூ உள்ள லேத்தில் அங்குல மரையைச் சரியாகப் போட 127 பல் சக்கரம் தேவை. சேஞ்ச் கியர் தொகுப்பில் அது இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். பட்டறை லேத்துகள் பெரும்பாலும் 400 வோல்ட் த்ரீ பேஸில் ஓடுபவை. வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டும் இருந்தால், அதை 230 வோல்ட் த்ரீ பேஸாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாம். அதற்கு மோட்டார் தகட்டில் 230/400 என்று இருக்க வேண்டும். 400/690 என்றிருந்தால் அந்த வழி எடுபடாது.

லேத் வாங்க லைசென்ஸ் வேண்டாம். வேலைக்கு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் குழல் தனியாக இருந்தாலும் துப்பாக்கிக்கு உள்ள அதே கட்டுப்பாடுதான். துப்பாக்கிச் சோதனைக்கென 1914-இல் தோன்றிய சி.ஐ.பி. அமைப்பில் உள்ள நாடுகளில், குழல் மாற்றிய துப்பாக்கி சோதனைச்சாலையில் கூடுதல் அழுத்தத்தில் சுடப்பட்டு, முத்திரை பெற்ற பிறகே உரியவர் கைக்குப் போகும். ஆகவே முதலில் லைசென்ஸ், பிறகு துளை, அதன் பிறகு பெட். விலையைக் கடைசியாகப் பேசுங்கள்.