அகராதிக்குச் சலவை

அகராதி உலகத்துப் பொருள்களின் ஜாபிதா அல்ல. கணிப்பொறிக்கு அகராதி செய்கிறவர்களைத் திருத்த வந்த தத்துவவாதிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1985-இல் பிரின்ஸ்டனில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய வேர்ட்நெட், ஒருபொருட் சொற்களைத் தொகுதிகளாக்கி, 'இது அதில் ஒரு வகை' என்ற உறவால் கோத்தது. அதில் குழப்பம் இருந்தது வாஸ்தவம். மனிதனை உயிரியின் கீழும் காரணகர்த்தாவின் கீழும் ஒருங்கே வைத்தார்கள். முன்னது இயல்பு; பின்னது பாத்திரம். தனிப்பெயரும் இனப்பெயரும் ஒரே உறவில் தொங்கின. 2005-இல் வந்த 2.1 பதிப்பில்தான் பிரிந்தன.

நிக்கோலா குவாரினோவும் கிறிஸ்டபர் வெல்டியும் வகுத்த ஆன்டோகிளீன் முறை இத்தகைய கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும். மாணவன் படிப்பை விட்ட பிறகும் இருக்கிறான். மனிதன் மனிதனாக இல்லாமல் இருக்க முடியாது. எனவே மாணவனை மனிதனின் கீழ் வைக்கலாம், மனிதனை மாணவனின் கீழ் வைக்கலாகாது. நல்ல தர்க்கம்.

தகராறு ஆப்பிளில் வருகிறது. விஷமேறிய ஆப்பிளும் ஆப்பிள்தான், ஆனால் உணவல்ல; ஆகவே அதை உணவின் கீழ் வைக்காதே என்கிறது இம்முறை. பொருளைப் பற்றி இது சரி. சொல்லைப் பற்றி அபத்தம். ஆப்பிள் தின்பதற்கானது என்று அறியாதவனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. அந்த உறவுக்கு வேறு பெயர் கொடுக்கலாம்; அறுத்தெறிவது திருத்தமல்ல.

2003-இல் குவாரினோ குழுவினர் டோல்ச்சே என்ற தங்கள் வகைப்பாட்டைக் கொண்டு வேர்ட்நெட்டை 'இனிப்பாக்க' முனைந்தார்கள். இத்தாலியில் அந்தச் சொல்லுக்கு இனிப்பு என்றே அர்த்தம். மொழியிலும் பொதுப்புத்தியிலும் உள்ள பகுப்புகளையே டோல்ச்சே ஏற்பதாகச் சொல்கிறார்கள். எந்த மொழியில்?

தமிழில் குழந்தை அழுகிறது. அரசு ஆணையிடுகிறது. குழவி, மகவு, அரசு போன்ற சொற்கள் உயர்திணைப் பொருளைச் சுட்டினாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் வகுத்துவிட்டார். பொருளின் கணக்கு வேறு, சொல்லின் கணக்கு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றைக் கொண்டு மற்றதை அவர் வெளுக்கவில்லை.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விவகாரமல்ல. மும்பை ஐ.ஐ.டி. முன்னின்ற இந்தோவேர்ட்நெட்டில், இந்திக் கருத்துகளுக்கு நேரே பிறமொழிச் சொற்களை நிரப்பும் முறையில்தான் தமிழும் சேர்ந்தது. இந்தி வேர்ட்நெட்டுக்கு முன்மாதிரி பிரின்ஸ்டன். இந்த ஏணியின் உச்சியில் எவரோ செய்யும் சலவை, கீழே நம் சொல்லின் சாயத்தையும் கொண்டுபோகும். தர்க்கம் வரட்டும், பதிவேட்டைத் தணிக்கை செய்யட்டும். பேசுகிறவன் வாயைத் தணிக்கை செய்ய அதற்கு அதிகாரம் கிடையாது.