காய்க்கிற மரத்தை எதுக்கு விக்கணும்?

நஷ்டத்துல ஓடுது, அதனால விக்கிறோம்னு சொன்னாக்கூட ஒரு பேச்சுக்குக் கேட்டுக்கலாம் தோழர்களே. லாபத்துல ஓடுறதை ஏன் விக்கணும்?

கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா, சுருக்கமா கான்கார். துறைமுகத்துக்கு வர்ற கன்டெய்னர்களை ரயில்ல ஏத்தி நாடு முழுக்கக் கொண்டுபோற பொதுத்துறை நிறுவனம். நம்ம தண்டையார்பேட்டையிலயும் அதோட முனையம் இருக்கு.

1988ல் தொடக்கம். 1989ல் ரயில்வேயிடம் இருந்து வாங்கினது வெறும் 7 டிப்போ. இன்று சுமார் 60 முனையங்கள். 2014ல் நவரத்னா அந்தஸ்து. இந்தத் தொழிலைத் தனியாருக்குத் திறந்துவிட்ட பிறகும் இவங்கதான் முதலிடம்.

2019 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை எடுத்த முடிவு என்ன? அரசு கையில் இருந்த 54.8% பங்கில் 30.8%ஐ விற்பது, நிர்வாகத்தையும் சேர்த்தே கொடுப்பது!

அடுத்ததைக் கவனிங்க. கான்கார் முனையங்கள் பலவும் நிற்பது ரயில்வே நிலத்தில். அதுக்கான ஆண்டுக் கட்டணம் நில மதிப்பில் 6%. 2022 செப்டம்பரில் சரக்கு முனையங்களுக்கு அதை 1.5% ஆக்கினாங்க. குத்தகையும் 35 வருஷம் வரை!

6% ஆக இருந்ததை, விற்க முடிவெடுத்த பிறகு 1.5% ஆக்கியிருக்காங்க. இதுக்குப் பேர் சீர்திருத்தமா?

"தனியார் வந்தாதான் வளரும்"னு சொல்றவங்களை ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 7 டிப்போவை 60 ஆக்கினது யாரு?

பகிருங்கள்!

#கான்கார்_மக்கள்_சொத்து