பெரிய மீனுக்குப் பரிசா?



தேர்வு முடிந்ததும் நம் சங்கத்தார் கும்பளங்கிக் காயலுக்குச் சுற்றுலா செல்லத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு கயாக், கையில் துடுப்பு, மடியில் தூண்டிற்கோல், பகல் முழுதும் நீரிலே. மாலையில், மிகப் பெரிய மீனைப் பிடித்தவருக்குப் பரிசு. அறிவிப்புப் பலகை கூறும் செய்தி இது. சுற்றுலாவை மனமார வரவேற்கிறேன். பரிசை மறுக்கிறேன். மிகப் பெரிய மீனைக் கொன்று வந்தவருக்கு மாலையிடுவது பல்கலைக்கழகத்தில் பயிலும் நமக்குத் தகாது என்பது என் துணிபு.

பிழைப்புத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். விலங்கியல் முதுகலை மாணவன். கும்பளங்கி எனக்கு அண்டை ஊர். சுற்றிலும் காயல், கரையெங்கும் சீன வலை, உள்ளே பொக்காளி வயல். மழைக்காலத்தில் அவ்வயலில் நெல் விளையும். அறுவடைக்குப் பின் உப்புநீரைப் புகவிட்டு இறால் வளர்ப்பர். 2003ஆம் ஆண்டில் இவ்வூரை மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக்கும் திட்டம் தொடங்கிற்று. 2019இல் 'கும்பளங்கி நைட்ஸ்' என்னும் திரைப்படம் இதன் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. இன்று கயாக்கில் ஏறி உலவ வருவோர் பலர். அவர்களுள் தூண்டிலோடு வருவோரும் உண்டு.

கயாக் எங்கே பிறந்தது? வடதுருவத்தை அடுத்த பனிநாட்டில் வாழும் இனூயிட் மக்கள், சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. வயிற்றுக்காகப் பிறந்த படகு இன்று வேடிக்கைக்கு உதவுகிறது. நம் கட்டுமரத்தின் கதையும் அதுதானே? மீனவர் கலத்தின் பெயரை ஆங்கிலேயர் எடுத்துச் சென்றனர். இன்று செல்வரின் உல்லாசக் கலங்கள் அப்பெயரைத் தாங்கி உலவுகின்றன. கலம் மாறலாம், பெயர் மாறலாம், தவறில்லை. ஆனால் வயிற்றுக்காக மீன் பிடிப்பவனுக்குப் பசியே ஓர் அளவு வகுக்கிறது. வேடிக்கைக்காகப் பிடிப்பவனுக்கு அளவு வகுப்பது யார்? அவனேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

காயலில் தூண்டிற்காரரின் நெஞ்சைக் கொள்ளை கொள்ளும் மீன் கொடுவா. இவ்வூரார் காளாஞ்சி என்பர். ஓதம் வடியும் வேளையில், மதகு வாயிலில் ஓடிவரும் இறாலுக்கும் சிறு மீனுக்கும் அது காத்துக் கிடக்கும். போலி இரையைக் கண்டாலும் பாய்ந்து கவ்வும்; கவ்வியதும் நீருக்கு மேலே துள்ளும்; தங்கூஸ் நரம்பு அறுபடும்படி இழுக்கும். ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. அத்தகைய மீன் சிறு கயாக்கையே திசை திருப்பி இழுத்துச் செல்லும்போது எந்த இளைஞனுக்குத்தான் இரத்தம் சூடேறாது?

ஆனால் அந்தப் பெரிய கொடுவா யார் தெரியுமா? அது ஒரு தாய்!

அலங்காரத்துக்காக நான் இப்படிச் சொல்லவில்லை. கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாகவே முதிர்ச்சியடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, உடல் பெருத்த பின்னர் பெண்ணாக மாறுகிறது. ஆகவே காயலில் உள்ள சிறு கொடுவாக்களில் மிகுதி ஆண். பெருங்கொடுவாக்களில் மிகுதி பெண். அத்தகைய பெரிய பெண்மீன் ஒன்று பல பத்து இலட்சம் முட்டைகளை இடவல்லது. பெரியவற்றையே தேடித் தேடிப் பிடித்தால் என்ன ஆகும்? தந்தையர் எஞ்சுவர், தாயர் அருகுவர். பரிசு அறிவித்த நாம் அறியாமலே அந்தக் காரியத்துக்குத் துணை நிற்போம்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997ஆம் ஆண்டில் கொடுவாவைப் பண்ணையிலேயே இனம் பெருக்கிக் காட்டினர். அரிய சாதனை! இப்படிப்பட்ட பண்ணைகளில் முட்டையிடும் பெரிய பெண்மீனைத் தாய்மீன் என்று பெயரிட்டு, நீரும் இரையும் குறையாமல் கண்போலக் காக்கிறார்கள். அறிஞர் தொட்டியிலே போற்றும் மீனை மாணவர் காயலிலே கொன்று தூக்கிப் படம் பிடிப்பதா? "பண்ணைக் குஞ்சுகள்தாம் இருக்கின்றனவே" என்று சிலர் சொல்லக்கூடும். அக்குஞ்சுகளிற் பெரும்பாலானவை குளத்துக்கும் கூண்டுக்கும் விலையாகின்றன. காயலுக்கு மீன் தர வேண்டியவை காயலின் தாய்மீன்களே.

வெளிநாட்டார் இதில் நமக்கு முந்திக்கொண்டார்கள். அமெரிக்காவின் வட ஏரிகளில் மஸ்கி என்றொரு பெருமீன் உண்டு. பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒன்று சிக்கும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வர். விஸ்கான்சின் மாநிலம் 1955இல் அதைத் தன் மாநில மீனாகவே அறிவித்தது. 1966ஆம் ஆண்டில் கில் ஹாம் என்பவர் மின்னசோட்டாவில் அம்மீனுக்கென்றே ஒரு சங்கம் நிறுவினார். பிடித்த மஸ்கியை அளந்து பார்த்து உயிரோடு விட்டுவிடும் பழக்கத்தை அச்சங்கம் பரப்பிற்று. இன்று மஸ்கி பிடிப்போரில் மிகப் பெரும்பாலோர் அப்படியே செய்கின்றனர். நம் கொடுவாவே வாழும் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தார் சட்டமே செய்திருக்கிறார்கள். ஆறுகளிலும் கழிமுகங்களிலும் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் வைத்துக்கொள்ளக் கூடாது. 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. குஞ்சுக்கும் காப்பு, தாய்க்கும் காப்பு, இடைப்பட்டது மனிதனுக்கு. எவ்வளவு நேர்மையான பங்கீடு!

மறுப்புரைகளும் என் செவியில் விழாமல் இல்லை.

"காயல் கெடுவது தூண்டிலாலா?" என்று கேட்கிறார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. குட்டநாட்டு வயலை உப்பு அண்டாமல் காக்க 1976 முதல் இயங்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணை, கடலுக்கும் நன்னீருக்கும் இடையே சென்று வாழும் மீன்களின் வழியை அடைக்கிறது. 2024 மே மாதத்தில் பெரியாற்றில் ஏலூர், பாதாளம் பகுதியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தோர் கண்ணீர் வடித்தனர். இவற்றின் முன்னே நம் தூண்டில் சிறிதே. ஆனால் அணைக்கட்டின் கதவு நம் கையில் இல்லை. தூண்டிற்கோல் நம் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைத் திருத்தாதவன் பிறரைத் திருத்தப் புறப்பட்டால் யார் கேட்பார்?

"விடுவதற்காகப் பிடிப்பது வதை அல்லவா?" என்கிறார் மற்றொருவர். அந்த இரக்கத்துக்குத் தலை வணங்குகிறேன். தூண்டிலே வேண்டாம் என்று அவர் துடுப்பு மட்டும் போட்டு வரட்டும், அதுவும் இன்பமே. நான் கறிக்கு மீன் வேண்டாம் என்று கூறவில்லை. நடுத்தர மீனைக் கறிக்குக் கொள்வோம். போதும் என்றதும் கோலை மடக்குவோம். தாய்மீன் சிக்கினால் விடுவோம். அவ்வளவே.

சென்ற தை மாதத்தில் நண்பர் இருவரோடு கும்பளங்கியில் கயாக்கில் சென்றேன். மதகருகே வஞ்சியில் இருந்த முதியவர் ஒருவர் எங்கள் தூண்டிற்கோலைக் கண்டு புன்னகைத்தார். "மோனே, இது எனக்கு வேலை, உங்களுக்கு விளையாட்டு. விளையாட வந்தவர்கள் வேலை செய்பவன் பானையிலே கைவைக்கலாமா?" என்று மலையாளத்தில் கேட்டார். குரலிலே கோபம் இல்லை. "சேட்டா, மதகை விட்டுத் தள்ளிப் போகிறோம்" என்றேன். அப்படியே தள்ளிப் போனோம். அன்று எங்களுக்குக் கிடைத்தது முழங்கை நீளக் கொடுவா ஒன்று. மூவருக்குக் குழம்பு வைக்க அது தாராளம். பிழைக்க வந்த ஊரில் உள்ளூர் உழைப்பாளியின் பங்கை மதிப்பது நமக்கு மரியாதை மட்டுமா? கடமையும் ஆகும்.

ஆகவே சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இது. பெரிய மீனுக்கான பரிசைக் கைவிடுங்கள். ஆளுக்கு இரண்டு மீனுக்கு மேல் கொள்ளக் கூடாது என்று விதி செய்யுங்கள். தோளிலிருந்து விரல் நுனிவரை உள்ள கை நீளத்தை மிஞ்சிய கொடுவா எதுவாயினும் காயலுக்கே திரும்பட்டும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கூரை முன்னதாகவே இடுக்கியால் நசுக்கிவிட்டால் முள்ளை எளிதில் கழற்றலாம். கையை நனைத்துக்கொண்டு தொட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு உரியாது. செவுளைப் பற்றித் தொங்கவிடாமல் வயிற்றுக்கும் கை கொடுத்துத் தாங்குங்கள். நீரிலேயே வைத்து அளவெடுங்கள். அது தானாக நீந்தும்வரை பிடித்திருந்து விடுங்கள். மதகையும் வலையையும் விட்டு விலகி நில்லுங்கள். பரிசு கொடுத்தே தீர வேண்டுமாயின், பெரிய மீனைப் பழுதின்றி நீருக்கு அனுப்பியவருக்குக் கொடுங்கள். கைதட்டுவோரில் முதல்வனாக நான் இருப்பேன்.

காயல் நம் சொத்து அன்று. நமக்குப் பின் இப்பல்கலைக்கழகத்துக்கு வரும் தமிழ் மாணவனும் அதில் தூண்டில் போட விரும்புவான். அவனுக்கும், அந்த வஞ்சிக்காரரின் பேரனுக்கும் மீன் மிஞ்சும்படி பிடித்து வருவோம், வாருங்கள்!