ஓடிபி-யை ஏன் சொன்னே?

பணத்தைப் பறிகொடுத்தவரிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இது. வீட்டிலும் இதே, வங்கிக் கவுன்டரிலும் இதே.

சரி, பழக்கிவிட்டது யார்? பல வருடங்களாக ஏதோ ஒரு மொபைல் எண்ணிலிருந்து "சார், பேங்க்லேர்ந்து பேசறோம், லோன் வேணுமா?" என்று கூப்பிட்டு, பிறந்த தேதி வரைக்கும் கேட்டது வங்கி ஏஜென்ட்டுகள்தானே? திருடனும் அதே வசனத்தைத்தான் பேசுகிறான். குரலை வைத்து அசல் எது, போலி எது என்று ஓய்வுபெற்ற வாத்தியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? வங்கியின் சேவை அழைப்புகள் 1600-ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டதே 2025 ஜனவரியில்தான்!

ஓடிபி கொடுத்தவர் நஷ்டத்தை அவரே சுமக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொன்னது நிஜம். அதற்கு அடுத்த வரியை மட்டும் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை: வங்கியிடம் புகார் சொன்ன பிறகு போகிற பணம் வங்கியின் தலையில். தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கவேண்டியதும் வங்கிதான். எதையுமே சொல்லாமல், எங்கோ கசிந்த கார்டு விவரத்தால் பணம் போயிருந்தால்? தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது.

கவுன்டரில் சொல்வதெல்லாம் "சைபர் கிரைம்ல கம்ப்ளெயின்ட் குடுங்க" என்பதுதான். (1930-க்கு உடனே போன் போடவேண்டும், அதில் சந்தேகமில்லை.) ஆனால் புகார் எண்ணையும் நேரத்தையும் வங்கியிடமிருந்து வாங்காமல் அங்கிருந்து நகரவே கூடாது.