சிங்கத்தூர்ல எலி ராஜ்ஜியம்!

சீயம்னா சிங்கம். எங்க ஊர் பேரு சீயமங்கலம். செஞ்சிப் பக்கம், மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச குகைக் கோயில் இருக்கிற ஊர். பேர்லதான் சிங்கம். எங்க ஷெட்டுல ஆட்சி பண்றது எலி :-)

விஷயம் இதுதான் மக்களே. எங்க கிட்ட ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கு. குடும்பத்தோட மேல்மலையனூர் அமாவாசைக்கோ, திருவண்ணாமலைக்கோ போகணும்னா அதுதான். நாங்க இருக்கிறது சென்னையில. அதனால வருஷத்துல முக்காவாசி நாள் வேன் ஊர்ல சும்மாதான் நிக்கும். போன வருஷம் நாலு மாசம் கழிச்சுப் போய் சாவியைத் திருப்பினா, ஒரு சத்தமும் இல்ல. சீட்டைத் தூக்கினா இஞ்சினுக்கு மேல வைக்கோல், பஞ்சு, பழைய பேப்பர்னு மெத்தை போட்டு ஒரு குடும்பமே குடித்தனம். வயர் நாலஞ்சு இடத்துல அம்மணமா நிக்குது. மெக்கானிக் பில்லைப் பார்த்து வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வை தனிப்பதிவு.

கோபத்துல எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். கடையில எலி கேக் வாங்கி, சக்கரத்துக்குப் பக்கத்துல நாலு துண்டு போட்டேன். மறுநாள் காலையில பக்கத்து வீட்டுப் பாப்பா, மூணு வயசுதான், ஷெட்டு வாசல்ல நின்னு "மாமா, சாக்லேட்டு"ன்னு கையை நீட்டுது. கையில அந்தத் துண்டு. வாயில வைக்கல. வச்சிருந்தா? இப்ப எழுதும்போதும் வயித்தைப் பிசையுது.

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. எலி நம்ம பிரச்சனையே இல்ல, ஓட்டைதான் பிரச்சனை. மருந்து வைக்கிறது, கதவைத் திறந்து போட்டுட்டு உள்ள வர்றவனை எல்லாம் அடிக்கிற மாதிரி. இன்னைக்கு ஒருத்தன் செத்தா நாளைக்கு அவன் தம்பி வருவான். வீடு தயாரா இருக்கே!

மருந்து எவ்வளவு பெரிய வினைன்னு நம்ம ஊருக்குத் தெரியாததில்ல. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டுக்கு மாத்து மருந்தே கிடையாது, கல்லீரலைக் கரைச்சிடும். எத்தனையோ உயிர் போனதுக்கு அப்புறம் 2023ல தமிழக அரசு அதுக்குத் தடை போட்டது. 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல ஒரு வீட்டுக்குள்ள எலிக்கு வச்ச மருந்தோட நெடியில ரெண்டு சின்னப் பிள்ளைங்க செத்துப் போனாங்க. எலியை ஒழிக்கப் போய் வந்த வினை.

கேக்கைத் தின்ன எலியும் உடனே சாகாது. அது ரத்தம் உறையாம பண்ற மருந்து, நாலஞ்சு நாள் ஆகும். "தண்ணி தேடி வெளிய ஓடிடும்"னு சொல்றதெல்லாம் கதை. டேஷ்போர்டுக்குள்ளயே செத்து நாறும். தப்பி வெளிய போனா, அதைப் பிடிச்சுத் தின்ற கூகைக்கும் விஷம் ஏறும். சம்பளம் வாங்காம எலி பிடிக்கிற ஒரே ஆளையும் நாமளே கொல்றோம்.

சரி, அப்ப என்னதான் பண்றது? எலியோட முன்பல்லு சாகற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். அதனால அது கடிக்கத்தான் செய்யும், திருத்த முடியாது. சுண்டெலி நுழைய கால் இஞ்ச் சந்து போதும், பெரிய எலிக்கு அரை இஞ்ச். பென்சிலை விட்டுப் பாருங்க, பென்சில் போனா எலியும் போகும்.

நான் செஞ்சது: ஷெட்டுக் கதவுக்கு அடியில தகரம் அடிச்சேன். சுவத்து ஓட்டையில பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணிச்சு மேல சிமெண்ட் பூசினேன். வேனுக்குக் காத்து வர்ற துளைக்கு கால் இஞ்ச் கம்பி வலை. சைலன்சர் வாயிலயும் ஒரு அடைப்பு. (அடைச்சதை ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங்ல கட்டிடுங்க. மறந்து ஸ்டார்ட் பண்ணினா எலியை விடப் பெரிய செலவு!) வைக்கோல் போரை ஷெட்டுல இருந்து தள்ளி மாத்தினேன். சீட்டுக்கு அடியில பிள்ளைங்க சிந்தின முறுக்குத் தூளைக் கூட்டி எடுத்தேன். எலி கூட்டையும் புழுக்கையையும் காய்ஞ்சபடியே பெருக்காதீங்க. கையுறை போட்டு, பிளீச்சிங் தண்ணி தெளிச்சு ஊற விட்டுத் துடைங்க. எலிக்காய்ச்சல் அதோட மூத்திரத்துலதான் வருது. உள்ள மிச்சம் இருந்த ரெண்டுக்கு சுட்ட தேங்காய் வச்ச பொறி போதுமா இருந்தது.

புகையிலை, பாச்சை உருண்டையெல்லாம் நானும் வச்சுப் பார்த்தேன். பாச்சை உருண்டைக்குப் பக்கத்துலயே புழுக்கை. நெடி மட்டும் நம்ம தலையில ஏறுச்சு. காதுக்குக் கேக்காத சத்தம் போட்டு விரட்டுற மெஷினும் வாங்கிடாதீங்க. 2001லயே அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த மெஷின் விக்கிற அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு, ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கு.

2025ல செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனேன். ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியம் முன்னாடி நின்னப்ப, அந்தச் சுவரோட பருமனைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவுரங்கசீப் படை 1690ல இருந்து 1698 வரைக்கும் சுத்தி நின்ன கோட்டை அது. உள்ள இருக்கிற நெல்லுதான் உயிர். அதைக் காக்க அவங்க கட்டினது சுவர். நம்ம வீட்டுக் குதிரும் அப்படித்தானே? மண்ணால செஞ்சு, வாயை மூடி, சாணி போட்டு மெழுகிடுவாங்க. பாட்டிக்குத் தெரிஞ்சது பேரனுக்கு மறந்து போச்சு.

இப்ப மூணு மாசமா வேன் சுத்தமா நிக்குது. ஷெட்டுக்கு வெளிய எலி இருக்கத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். பாப்பாவும் தினம் அங்கதான் விளையாடுது. இப்ப அது கையில எதை எடுத்துட்டு வந்தாலும் எனக்குப் பயமில்ல.

உங்க வீட்டு ஷெட்டுல இன்னும் கேக் துண்டு கிடந்தா, இந்த ஞாயித்துக்கிழமையே எடுத்துடுங்க. போகும்போது ஒரு பென்சிலும் கொண்டு போங்க.