நாய்க்குட்டியும் நாடாளும் யந்திரமும்

வருங்காலத்தைப் பற்றிக் கதை எழுதும் ஆசிரியர்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்வோம். எதை வேண்டுமானாலும் எழுதட்டும். வருஷத்தை மட்டும் குறிப்பிட வேண்டாம். குறிப்பிட்டால், அந்த வருஷம் என்றைக்காவது ஒரு நாள் தவறாமல் வந்து, கடன் கொடுத்தவனைப் போல் வாசலில் நின்றுகொள்ளும். "எங்கே, நீர் சொன்னதெல்லாம்?" என்று கேட்கும்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்னும் நாவலுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. 1980களில் 'ஆனந்த விகட'னில் தொடராக வெளிவந்த இந்தக் கதை 2022-ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்டது. 2022 வந்தது, போயும் விட்டது. ஆகவே, அந்த நாவலைப் பற்றி வாசகர்கள் புதிதாக வழக்காடத் தொடங்கிவிட்டார்கள். அந்த வழக்கில் நாமும் சிறிது தலையிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில், கதையைப் படிக்காத நேயர்களுக்குச் சில வார்த்தைகள். இந்தியாவை ஜீவா என்னும் ஸர்வாதிகாரி ஆள்கிறான். பிரஜைகளுக்கு எண் உண்டு. பெயரோ இரண்டே எழுத்து. குழந்தை பெற வேண்டுமானால் சர்க்கார் அனுமதி வேண்டும். குறிப்பிட்ட வயதுக்குமேல் உயிரோடிருக்க அனுமதி கிடையாது! இப்படிப்பட்ட ராஜ்யத்தில் நிலா என்னும் சாதுவான பெண் ஒருத்தி. அவளுடைய கணவன் சிபி திடீரென்று காணாமற் போகிறான். அவள் வீட்டில் தங்க வரும் ரவி என்னும் இளைஞனோடு ஜீனோ என்னும் யந்திர நாய்க்குட்டி ஒன்றும் வந்து சேருகிறது. அது பேசும், புத்தகம் படிக்கும், மனிதர்களைக் கேலியும் செய்யும். போகப் போக, கதையில் மிகுந்த மனிதத் தன்மை உடைய பாத்திரம் அந்த நாய்க்குட்டிதானோ என்று நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஜீவா யார் என்னும் மர்மத்தை இங்கே உடைத்து, இன்னும் படிக்காதவர்களின் சாபத்துக்கு ஆளாக நாம் விரும்பவில்லை.

*

இந்த நாவலைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ்நாட்டில் மிகப் பொருத்தமான இடம் எது என்று யாராவது கேட்டால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் என்று தயங்காமல் சொல்வோம். இராமாநுஜர் அவதரித்த தலம் என்றுதான் நம் பாட்டிமார் ஸ்ரீபெரும்புதூரை அறிவார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். 2012-இல் டைம்லர் லாரிகள். 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் இன்று யந்திரக் கரங்கள் இரவு பகலாய் வேலை செய்கின்றன. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் அந்தக் காற்று வீசியிருக்கிறது.

அவ்வூரில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. ஒரே வீட்டில், இந்த ஒரே நாவலுக்கு நான்கு அபிப்பிராயங்கள்.

வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "நாவலாவது! ஆங்கிலச் சொற்களை அள்ளித் தெளித்து, நாயைப் பேச விட்டால் இலக்கியம் ஆகிவிடுமா? ஆர்வெல் என்பவர் 1949-லேயே 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு' என்று எழுதிவிட்டாரே, அதற்கு வால் ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான்" என்பது அவர் தீர்ப்பு.

அவருடைய குமாரர் கார்த் தொழிற்சாலையில் கூடுகளுக்கு வெல்டிங் செய்யும் பகுதியில் பணிபுரிகிறார். அவர் சிரிக்கிறார். "அப்பா, எங்கள் ரோபாட்டுக்குப் பேச்சும் கிடையாது, படிப்பும் கிடையாது. கையடக்கப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, இங்கே போ, அங்கே திரும்பு என்று புள்ளி புள்ளியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்யும். தகடு ஓர் அங்குலம் விலகி இருந்தால் காற்றுக்கு வெல்டிங் வைத்துவிட்டுச் சமர்த்தாக நிற்கும். வேலிக் கதவைத் திறந்தால் அப்படியே உறைந்துபோகும். ஜீனோ எல்லாம் வெறும் கற்பனை" என்கிறார்.

பள்ளியில் படிக்கும் பேத்தியோ ஜீனோவின் கட்சி. "ஸோனி கம்பெனி 1999-இல் 'அய்போ' என்று யந்திர நாய் விற்றதே! இப்போது கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் யந்திரம் கைப்பேசியிலேயே இருக்கிறதே! சுஜாதா தீர்க்கதரிசி" என்று வாதாடுகிறாள்.

நான்காவது அபிப்பிராயம் பாட்டியம்மாளுடையது. மற்ற மூவரும் வாதாடி ஓய்ந்த பிறகு அந்த அம்மாள் சொன்னதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது.

மாதாந்தர அரிசி வாங்க அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். யந்திரத்தில் விரலை வைத்தார். ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், விழவில்லை. ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கை. அதில் ரேகையை எங்கே தேடுவது? கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு சொன்னாராம்: "அம்மா, உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மெஷினுக்குத் தெரியவில்லையே!"

அன்று மருமகள் போய் விரல் வைத்து அரிசி வாங்கி வந்தாள். அதோடு விஷயம் முடிந்தது. ஆனால் பாட்டியம்மாள் சொல்கிறார்: "அந்த நாய்க்குட்டி வந்ததா, வரவில்லையா என்று சண்டை போடுகிறீர்கள். அந்த நிலாப் பெண்ணின் அவஸ்தை வந்துவிட்டதே, அதை யாரும் பார்க்கவில்லையா?"

*

நால்வர் கட்சியையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

தமிழாசிரியரின் குறை முற்றும் தள்ளத்தக்கதன்று. சுஜாதாவின் நடையில் ஆங்கிலம் மிகுதிதான். ஆர்வெலின் நிழலும் கதையின்மேல் விழுந்திருக்கலாம். ஆனால் ஆர்வெலின் புத்தகத்தைப் படித்து முடித்தவனுக்கு நெஞ்சில் பாரம் ஏறுகிறது. ஜீனோவோ நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஸர்வாதிகாரியால் பொறுக்க முடியாத ஒன்று உண்டானால், அது பிரஜையின் சிரிப்பு. அந்த வாலை ஒட்டியதில்தான் சுஜாதாவின் சாமர்த்தியமே இருக்கிறது.

பொறியாளரின் கட்சிக்கும் பேத்தியின் கட்சிக்கும் பொதுவான பிழை ஒன்று இருக்கிறது. இருவரும் நாவலைப் பஞ்சாங்கமாக எண்ணுகிறார்கள். ஒருவர் மழை பெய்யவில்லை என்கிறார். மற்றவள் பெய்தது என்கிறாள். விஞ்ஞானக் கதையின் வேலை ஜோஸியம் அன்று. 'ரோபாட்' என்ற சொல்லையே பாருங்கள். செக் நாட்டு ஆசிரியர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகம் ஒன்றில்தான் அது பிறந்தது. அவர்கள் பாஷையில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது எடுக்கப்பட்டது. யந்திரத்தைப் பற்றிய கவலை அன்று. மனிதனை யந்திரமாக வைத்து வேலை வாங்குவதைப் பற்றிய கவலை.

ஆங்கிலத்தில் டக்ளஸ் ஆடம்ஸ் என்பவர் எழுதிய விகட விஞ்ஞான நாவல் ஒன்று, முதலில் 1978-இல் பி.பி.ஸி. வானொலி நாடகமாக வந்து, 1979-இல் புத்தகமாயிற்று. அதில் சாதாரண மனிதன் ஒருவனுடைய வீட்டைப் புறவழிச் சாலைக்காக இடிக்க வருகிறார்கள். திட்டமெல்லாம் ஆபீஸில் பார்வைக்கு வைத்திருந்தோமே, ஏன் பார்க்கவில்லை என்கிறார்கள். சற்று நேரத்தில், அண்டவெளிப் புறவழிச் சாலைக்காகப் பூமியையே இடிக்க வேறு கிரகத்து அதிகாரிகள் வருகிறார்கள். அவர்களும் அதே பதிலைச் சொல்கிறார்கள்! படிப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். சாலை விரிவாக்கத்துக்கு நோட்டீஸ் வாங்கியவர்கள் மட்டும் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொள்வார்கள்.

சாபெக்கானாலும் ஆடம்ஸானாலும் சுஜாதாவானாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். யந்திரமோ, ஆபீஸோ, பதிவேடோ "இல்லை" என்று சொல்லிவிட்டால், பிரஜை யாரிடம் போய் முறையிடுவது? பாட்டியம்மாள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

*

யந்திரத்தைக் கண்டு மிரண்டவர் எழுதிய கதை இது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சுஜாதா என்னும் எஸ். ரங்கராஜன் (1935-2008) ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். சேரப்பணஞ்சேரிக்கு அதிக தூரம் இல்லாத குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப் பதிவு யந்திரத்தை உருவாக்குவதில் முக்கியப் பங்கு கொண்டவர்.

அந்த யந்திரத்தின் வரலாறே நமக்கு நல்ல பாடம். நம் நாட்டில் முதன் முதலாக 1982-இல் கேரளத்தின் பரூர்ச் சட்டசபைத் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் அது பயன்பட்டது. வழக்கு எழுந்தது. சட்டத்தில் இடமில்லாமல் யந்திரத்தில் வாக்குப் பதிய முடியாது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலைத் தள்ளிவிட்டது. பிறகு பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்திய பின்னரே யந்திரம் மறுபடி வந்தது. 2004 பொதுத் தேர்தலில் தேசம் முழுவதும் அதிலேயே வாக்களித்தது. யந்திரம் கெட்டிக்காரத்தனமானதுதான், ஆயினும் அதைச் சட்டத்தின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது. ஜீவாவின் ராஜ்யத்தில் இல்லாதது அந்த ஒன்றுதான். வாக்கு யந்திரத்தை அறிந்த ஒருவரே வாக்குரிமை அழிந்த தேசத்தைக் கதையாக எழுதினார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

நாம் யந்திரத்துக்கு விரோதி அல்ல. ரேஷன் கடையில் பொய்க் கார்டுக்கு அரிசி போகாமல் தடுக்க யந்திரம் வேண்டியதுதான். ஆனால் யந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்க வேண்டும். "இந்த அம்மாளை எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்க வேண்டும். தெரிந்தும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நிலைமை அவருக்கு வரலாகாது. சுயராஜ்யம் என்பதன் பொருளில் இதுவும் அடங்கும் என்பது நமது தாழ்மையான கருத்து.

ஆகவே, 'என் இனிய இயந்திரா'வை இதுவரை படிக்காத குடும்பங்கள் இனியாவது படிக்கட்டும். முடிந்தால், இரவு சாப்பாடு ஆன பிறகு ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கட்டும். குழந்தைகள் ஜீனோவுக்காகக் கேட்பார்கள். பெரியவர்கள் நிலாவுக்காகக் கேட்க வேண்டும். அபிப்பிராய பேதம் வந்தால் கவலையில்லை. ஒரு வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேச முடிகிற வரையில், ஜீவாவின் ராஜ்யம் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது.