உப்புக்காற்றின் மேல் போடும் பழி

பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ நாகப்பட்டினத்திலோ வீடு வைத்திருப்பவரிடம், சுவர் ஏன் இப்படிப் பொரிந்து கிடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "கடல் பக்கம்தானே சார், உப்புக்காத்து" என்பார். கூடவே பரிகாரமும் சொல்வார்: போன தடவை சாதா பெயிண்ட், இந்தத் தடவை விலை கூடின வாட்டர்ப்ரூஃப், பல வருட வாரண்டியோடு. நோயும் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி. இரண்டுமே தப்பு.

காற்றுதான் காரணம் என்றால் காற்று நேராக மோதுகிற இடம் அல்லவா முதலில் கெட வேண்டும்? பெரும்பாலான வீடுகளில் முதலில் பொரிவது தரையிலிருந்து மூன்றடி உயரம் வரையிலான பட்டை. அப்புறம் குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உட்புறம். கடற்காற்று எட்டிக்கூடப் பார்க்காத மாடிப்படி அடியில் மாவு மாவாகக் கொட்டுகிறதே, அதற்கு என்ன சொல்வது? இவையெல்லாம் தண்ணீர் சுவருக்குள் நுழையும் வழிகள். காற்றுக்கு இங்கே பெரிய வேலை இல்லை.

உப்பு இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு கட்டும்போதே நாம் உள்ளே வைத்துப் பூசியது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி. கடலோரத் தெருவில் வீடு கட்டும் எத்தனை பேர் போர் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுக் கலவை போடுகிறோம்? வாயில் வைக்க முடியாத தண்ணீர் என்று தெரிந்தேதான் சுவருக்கு ஊற்றுகிறோம். போதாததற்கு, அடித்தளத்துக்கு மேலே ஈரத்தடுப்பு சரியாகப் போடாத வீடுகளில் மண்ணின் ஈரம் உப்பையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறுகிறது.

சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கடற்கரையில் இரவில் அந்த அளவு சர்வசாதாரணம். பகலில் ஈரம் குறைந்ததும் உப்பு மறுபடி படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், பூச்சின் நுண்துளைக்குள் இடம் இல்லை. அது தள்ளுகிற தள்ளில் சிமெண்ட் பூச்சே நொறுங்கி மாவாகிறது. மேலே ஒட்டியிருந்த பெயிண்ட், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் உரிகிறது. இந்தச் சுவர் மேல் கனமான, தண்ணீர் விடாத படலத்தை ஏற்றினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் படலத்தின் முதுகிலேயே உப்பைக் குவிக்கும், அல்லது இன்னும் மேலே ஏறும். மூன்றடியில் நின்ற ஓதம் நாலடிக்குப் போய்விட்டது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கலாம். ஈரச் சுவரைப் பொறுத்தவரை, விலை கூடின வாட்டர்ப்ரூஃப் மூடி வைக்கத்தான் உதவும்.

கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வாரண்டி அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். அடியிலிருந்து ஏறும் ஓதம், குழாய்க் கசிவு, கட்டட விரிசல் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு அவர்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். போகிக்கு முன்னால் வெள்ளையடிப்பது நம் வழக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அடித்து ஓய்ந்த பிறகு, சுவர் ஈரம் குடித்துக் கிடக்கும் நேரம் அது. சுண்ணாம்பு அடித்த காலத்தில் அதில் ஒரு கணக்கு இருந்தது. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகுவதற்கு ஈரம் வேண்டும். அதனால்தான் காய்ந்த சுவரை நனைத்துவிட்டு அடித்தார்கள். அதன் காரம் பாசியையும் பூஞ்சையையும் கொன்றது. நுண்துளை வழியே சுவரின் ஈரம் வெளியே போனது. கிளிஞ்சல் சுண்ணாம்பை இழைத்து இழைத்துப் பளிங்கு மாதிரி மினுக்கிய மெட்ராஸ் பூச்சைப் பார்த்து 18-ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதினார்கள். அதுவும் இதே கடற்கரையில், இதே காற்றில்தான். இன்று நாம் வெள்ளையடிக்கும் காலத்தை மாற்றவில்லை, பொருளை மட்டும் மாற்றிவிட்டோம். எமல்ஷனுக்குக் காய்ந்த சுவர் வேண்டும். அதை மார்கழி ஈரத்தின் மேல் அடித்துவிட்டுச் சித்திரையில் கொப்புளம் வந்தால் கடலைத் திட்டுகிறோம். பிப்ரவரிக்கு மேல் மே வரை வெயில் சும்மா காய்கிறது. அப்போது பெயிண்டர்களுக்கும் அவசரம் குறைவு.

சுண்ணாம்புக்கே திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. சாய்ந்தால் சட்டை வெளுக்கும், வருடா வருடம் அடிக்க வேண்டும், ஏற்கெனவே எமல்ஷன் ஏறிய சுவரில் பிடிக்கவும் பிடிக்காது. காய்ந்த, உறுதியான வெளிச்சுவருக்கு நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷன் காசுக்குத் தகுந்த பொருள்தான். வெயிலும் பாசியும் தாங்கும். டிஸ்டெம்பர் அங்கே நிற்காது. உப்புக்காற்றுக்கும் பங்கு இல்லாமல் இல்லை. ஜன்னல் கிரில், கேட், கொக்கி எல்லாம் துருப்பிடிப்பது அதனால்தான். வெளிச்சுவரில் படியும் உப்பை மழைக்காலம் போனதும் நல்ல தண்ணீரால் கழுவினால் பெயிண்ட்டின் ஆயுள் கூடும். ஆனால் உட்சுவரில் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். அதை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டும். வீடுகளில் நடப்பது நேர்மாறு.

சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓர் இரவு விட்டு, காலையில் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் பெயிண்டரை அனுப்பிவிட்டுப் பிளம்பரையோ கொத்தனாரையோ கூப்பிடுங்கள். பெயிண்டரைக் குறை சொல்லவும் மனமில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, பழையதைச் சுரண்டுவதற்கும் காயவிடுவதற்கும் கூலி தராமல் இருப்பது நாம். அவர் உதிரும் சுவர் மேலேயே பட்டி இழுத்து, உள்சுவர்ப் பட்டியை வெளியிலும் தடவி, இரண்டு கோட்டு ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். நாம் பேசிய கூலிக்கு அதுதான் வரும்.

இந்தப் பூசி மூடும் பழக்கம் சுவரோடு நின்றால் அழகுக் கேடு மட்டும்தான். பால்கனியின் அடியில், சன்ஷேடில், தூணில் கம்பி போகிற திசையிலேயே நேர்கோடாக விரிசலும் காவிக் கறையும் தெரிந்தால் சங்கதி வேறு. குளோரைடு கம்பியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். துரு, அது தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்டு கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரத்தில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று அதே ஐஎஸ் 456 சொல்வது இதற்காகத்தான். அந்த விரிசலைப் பட்டியால் நிரப்பி மேலே கிரீம் கலர் அடித்தால் இரண்டு தீபாவளிக்குப் பளிச்சென்று இருக்கும், அதுவரை கம்பி உள்ளே மெலிந்துகொண்டிருக்கும். அங்கே முதலில் ஏணி வைக்க வேண்டியவர் பெயிண்டர் இல்லை, கட்டட என்ஜினீயர்.